கெளுத்தித் தோல் நிறம்

வாணரப்பேட்டையில் ரயில் ரோட்டை ஒட்டி இருந்த கூரை வீட்டு வரிசையில் ஏழாவது வீடு கலியமூர்த்தியுடையது. வீட்டுக்குப் பின்னால் கள்ளிவேலி. வேலியைத் தாண்டினால் மில்லுக்குப் பிரிந்து போகும் கிளைத் தண்டவாளம். அதில் மில்லுக்குச் சொந்தமான நாலு பழைய கூட்ஸ் வண்டிகள் நின்றிருந்தன. ஒரு காலத்தில் நீலத்துணிப் பேல்களைக் கப்பல் துறைக்கு ஏற்றிப்போன வண்டிகள். இப்போது சக்கரத்தைச் சுற்றி அருகு மண்டி, மழைக்கு ஆடு ஒதுங்கும் இடமாகிவிட்டன.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆன ஐப்பசியில், மில்லின் டிரெக்டர் தொரை வேலையை விட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்பப்போவதாகப் பேச்சு வந்தது. சித்திரையில் மில்லுக்கு அறுபதாவது வருஷ விழா. அது முடிந்ததும் கப்பல். அதற்குள் அவருக்கு ஓர் ஆசை. வாலிபப் பிள்ளையாக அவர் இந்த ஊரில் வந்து இறங்கியபோது அந்த நாலு வண்டிகளும் என்ன நிறத்தில் இருந்தனவோ, அதே நிறத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

வேலை கலியமூர்த்தியிடம் வந்தது. அவன் மில்லில் பெயிண்டர். கதவு, ஜன்னல், தண்ணீர்க் குழாய், பேல்களில் நம்பர் எழுதுவது என்று பதினோரு வருஷமாகப் பிரஷ் பிடித்தவன். டப்பாவில் இருக்கிற நிறத்தைப் பூசச் சொன்னால் துளி சிந்தாமல் பூசுவான். நாற்பது வருஷத்துக்கு முந்தி இருந்த நிறத்தைக் கொண்டுவா என்றால் எங்கே போவான்? வண்டிப் பலகையைச் சுரண்டிப் பார்த்தான். மேலே தார். அதற்குக் கீழே காவி. காவிக்குக் கீழே சாம்பல். எல்லாவற்றுக்கும் அடியில், மரத்தோடு ஒட்டி, முதல் முதலாகப் பூசிய பெயிண்ட் வெளிறிப்போய்க் கிடந்தது.

அதைப் பார்த்து மூன்று தடவை கலந்து பூசிக் காட்டினான். மூன்று தடவையும் தொரை கைத்தடியை ஆட்டி, "நொன், நொன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

"அந்த ஆளுக்கே இன்னா கலருன்னு தெரியுமா மேஸ்திரி? அம்பது அறுவது வயசு ஆவுது. மனசுல எதையோ வச்சிக்கினு இங்க வந்து தேடறாரு" என்றான் கலியமூர்த்தி.

தெய்வசிகாமணி மேஸ்திரி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். "ஏண்டா, ஒன் வூட்டுல ஆளு இருக்குது, நீ இங்க மண்டைய ஒடச்சிக்கற. அஞ்சலாட்சி மில்லுல துணி மடிக்கற கட்டுல இருந்தப்ப, நீலத்துணியக் கையில எடுத்தான்னா, இது செவ்வாக்கெழமச் சாயத் தொட்டி, இது வியாழக்கெழமத் தொட்டின்னு பிரிச்சிப் போடுவாளே. அவகிட்டக் காட்டுடா."

"அவளா?"

"ஆமாண்டா, அவதான். பொண்டாட்டிகிட்டக் கேட்டா கொறைஞ்சா பூடுவே?"

அஞ்சலாட்சி மில்லை விட்டு இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவள் சின்னப்பாப்பா. அவளுக்குப் பால் கொடுத்துவிட்டு மில் சங்குக்கு ஓட முடியவில்லை என்று நின்றுவிட்டாள். மீன்காரி தில்லையம்மாளின் மகள் வசந்தாவையும் அவள்தான் பகலில் பார்த்துக்கொண்டாள். வசந்தாவுக்கு ஐந்து வயது. தில்லையம்மாள் விடியற்காலம் கூடையோடு கிளம்பினால் உச்சிவெயிலுக்குத்தான் திரும்புவாள். புருஷன் கடலில் போனவன், போனவன்தான்.

அன்று சாயங்காலம் கலியமூர்த்தி கொட்டாங்கச்சியில் பெயிண்ட் சில்லுகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். மேஸ்திரி சொன்னதையும் சொன்னான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெளக்கு வெளிச்சத்துல நெறம் பாத்தா பொய் சொல்லும். காலையில பாக்கறேன், வையி" என்றாள்.

காலையில் வேலியோரம் குந்தி, சில்லுகளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ந்தாய்யா, இது வெயிலு தின்ன பெயிண்ட்டு. இத வச்சிக் கலந்தா எப்புடிச் சரியா வரும்? வெயிலே படாத எடம் எதுனா இருக்குதா அந்த வண்டியில?"

கலியமூர்த்தி யோசித்தான். "நம்பர் போட்ட இரும்புத் தகடு இருக்குது. அடிச்சதுலேருந்து யாரும் கழட்டல."

"அதக் கழட்டு."

தகட்டுக்கு அடியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குப் பாளம் பாளமாக வந்தது. ஆனால் நிறம் மஞ்சள் பூத்திருந்தது. கலியமூர்த்திக்கு முகம் தொங்கிப்போனது. அவள் விடவில்லை. "புது வேட்டியப் பொட்டியில பூட்டி வச்சா பழுப்பேறுமில்ல, அதான் இது. இருட்டுல கெடந்து பெயிண்ட்டுல இருக்கற எண்ண பழுப்பேறியிருக்குது. நாலு நாளு வெயில்ல வையி, எறங்கிடும்."

தகட்டைச் சுற்றியிருந்த பழைய பெயிண்ட்டையும் பாளம் பாளமாகத் தண்ணீரில் ஊறவைத்து, பிளேடால் தார் தனி, காவி தனி, சாம்பல் தனி என்று உரித்து எடுத்தாள். அடிப் பெயிண்ட்டை மட்டும் முறத்தில் பரப்பி, வடாம் காயவைப்பதுபோல வாசலில் வைத்தாள். மழை விட்ட நாள்களின் வெயில் அது. சின்னப்பாப்பாவை முறத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் ஒரு முருங்கைக் குச்சியைக் கொடுத்தாள்.

"காக்கா வந்து தூக்கிக்கினு பூடும். பாத்துக்கடி என் ராசாத்தி."

"சூ, சூ" என்று சின்னப்பாப்பா இல்லாத காக்காயை விரட்டினாள். வசந்தாவும் சேர்ந்துகொண்டாள்.

அஞ்சலாட்சிக்கு அந்த நாள்களில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடுப்பில் உலை கொதிக்கும். அவள் முறத்தண்டை நின்று, ஒரு கண்ணை மூடி, சில்லை வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். மில்லிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் பசை தகர டின்னில் வந்தது. பழைய பெயிண்டர்கள் அதை 'செரூஸ்' என்பார்கள். அதில் விளக்குக்கரி கொஞ்சம், நீலம் ஊசிமுனையளவு, மஞ்சள் காவி ஒரு சிட்டிகை என்று சேர்த்து, ஆளிவிதை எண்ணெய் விட்டுக் கல்லில் இழைத்துப் பலகைத் துண்டில் பூசுவாள். காயும்வரை நிறத்தைப் பற்றிப் பேச விடமாட்டாள்.

ஒருநாள் தில்லையம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு முறத்தை எட்டிப்பார்த்தாள்.

"இதுக்காடி இம்மாம் ரோதன? இது கெளுத்தித் தோலுடி!"

அஞ்சலாட்சி சட்டென்று நிமிர்ந்தாள். "யக்கா, கூடையில கெளுத்தி இருக்குதா?"

இருந்தது. தண்ணீர் தெளித்து முறத்தின் பக்கத்தில் வைத்தார்கள். சாம்பலில் நீலம் ஒளிந்திருக்கும் அந்த நிறம் சில்லிலும் மீனிலும் ஒன்றாக இருந்தது. அன்று கலியமூர்த்தி வீட்டில் கெளுத்திக் குழம்பு. நிறமும் அன்றைக்குத்தான் பிடிபட்டது. நீலத்தைக் குறைத்து, கரியை விளக்கெண்ணெய்த் திரியில் பிடித்த கரியாக மாற்றினாள்.

சின்னப்பாப்பா சில்லை வாயில் போடுவதை அவள் முதன்முதலாகப் பார்த்ததும் அந்த வாரம்தான்.

"துப்புடி, துப்பு! காக்காய ஓட்டச் சொன்னா நீயே தின்றியா?" என்று விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். குழந்தை உதட்டை நக்கிக்கொண்டு சிரித்தது. "தித்திப்பும்மா" என்றது.

"பெயிண்ட்டு தித்திக்குமா?" அஞ்சலாட்சி விரலில் ஒட்டியதைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். தித்தித்தது. லேசாக, பனங்கற்கண்டு கரைந்த தண்ணீர்போல. அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. கசக்கிறதுதான் விஷம் என்று யார் யாரோ சொல்லி வளர்ந்தவள். மண்ணைத் தின்னாத பிள்ளை எங்கே இருக்கிறது? முறத்தை எட்டாமல் கூரைமேல் வைத்தாள். நாலு நாள் வைத்தாள். பிறகு காற்றில் பறக்கிறதென்று மறுபடியும் கீழே இறக்கிவிட்டாள்.

நாலாம் தடவை தொரை வந்தபோது கைத்தடியை ஆட்டவில்லை.

"தொப்பியக் கழட்டிட்டாரு அஞ்சலை" என்று கலியமூர்த்தி அன்று வந்து சொன்னான். அவன் கையில் ரொட்டிக் கடையில் வாங்கிய வெண்ணெய் ரொட்டி இருந்தது. "பலகையத் தடவித் தடவிப் பாத்தாரு. கண்ணுல தண்ணி. யாரு கலந்ததுன்னு கேட்டாரு. 'மா ஃபாம், முசியே'ன்னு சொன்னேன்."

"அப்புடின்னா?"

"எம் பொண்டாட்டின்னு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல உள்ளே போய்விட்டாள். சின்னப்பாப்பா ரொட்டியின் மேல்தோலை மட்டும் உரித்துத் தின்றாள்.

மீதி மூன்று வண்டிகள் வேறு வேறு வருஷத்தில் பெயிண்ட் அடித்தவை. ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தகட்டைக் கழற்றி, உரித்து, காயவைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கார்த்திகை, மார்கழி, தை என்று முறம் வாசலிலேயே கிடந்தது. கலியமூர்த்தியும் மற்ற ஆட்களும் நாள் முழுக்கச் சுரண்டினார்கள். சுரண்டியதெல்லாம் வண்டிக்குக் கீழே குவியலாகக் கிடந்தது. அவன் வீட்டுக்கு வந்து சட்டையை உதறினால் மண்ணில் சாம்பல் தூள் விழும். சின்னப்பாப்பா ஓடிவந்து அந்தச் சட்டையோடு அவன் காலைக் கட்டிக்கொள்வாள்.

தையில் குழந்தை சோறு வேண்டாமென்றது. எதற்கெடுத்தாலும் அழுதது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தது. முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்தது.

"பூச்சிடி, வேற ஒண்ணியும் இல்ல. வேப்பங்கொழுந்த அரைச்சிக் குடு" என்றாள் தில்லையம்மாள்.

கொடுத்தாள். விளக்கெண்ணெய் கொடுத்தாள். குப்பைமேனிச் சாறு கொடுத்தாள். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். உப்பளத்தில் மந்திரம் சொல்லிப் பாடம் போடுகிறவரிடம் மூன்று வெள்ளிக்கிழமை தூக்கிக்கொண்டு போனாள். குழந்தை நடந்தால் தள்ளாடியது. 'காக்கா' என்று சொல்லத் தெரிந்தது, 'கா' என்று நின்றுவிட்டது.

ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது குழந்தையின் கீழ் ஈறில், பல்லை ஒட்டி, மெல்லிய ஊதாக் கோடு தெரிந்தது. அஞ்சலாட்சி உதட்டை விலக்கி அதைப் பார்த்தாள். கருநீலமா, சாம்பல் நீலமா என்றுகூட அவள் கண் பிரித்துப் பார்த்தது. "வசந்தாகூடச் சேந்து சூரப்பழம் தின்னியா?" என்று கேட்டாள். ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. நாளைக்குப் போய்விடும் என்று விட்டுவிட்டாள்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமி பார்க்கப் போனார்கள். சுற்றுவட்டாரத்துச் சாமியெல்லாம் கடலாட வந்திருந்தன. கூட்டம், மேளம், வெயில். கலியமூர்த்தி குழந்தையைத் தோளில் வைத்திருந்தான். தீவனூர்ச் சாமி வருகிறதென்று யாரோ கத்தினார்கள். அவன் அண்ணாந்து, "பாத்தியா பாப்பா?" என்றான். குழந்தையின் கால்கள் அவன் நெஞ்சில் உதைத்துக்கொள்ள ஆரம்பித்தன. ஆட்டம் போடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான்.

"ந்தாய்யா, எறக்கு! அவள எறக்கு!" என்று அஞ்சலாட்சி அலறினாள். குழந்தையின் கண் மேலே செருகி, வாயில் நுரை தள்ளியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் நாராயணசாமி டாக்டர் இருந்தார். பிரான்சில் படித்துவிட்டு வந்தவர், நெற்றியில் ஒற்றைத் திருமண் வைத்திருப்பார். குழந்தையை அமைதிப்படுத்த ஊசி போட்டுவிட்டு, கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், பிறகு கீழ் உதட்டை விரலால் இழுத்து ஈறைப் பார்த்தார். திரும்பிக் கலியமூர்த்தியின் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் பெயிண்ட்.

"இன்னா வேல பாக்கற?"

"பெயிண்டருங்க. மில்லுல."

டாக்டர் பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரியிடம் நோயின் பெயரைப் பிரெஞ்சில், "சத்துர்னிஸ்ம்" என்றார். அந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பழைய பெயிண்ட்டுல ஈயம் இருக்கும்மா. அது ஒடம்புல சேந்தா ரத்தத்தக் கெடுக்கும், மூளைய வீங்க வச்சிடும். இந்தக் கொழந்த அதத் தின்னிருக்கு. ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, மாசக்கணக்காத் தின்னிருக்கு. வீட்டுல எங்கேருந்து கெடச்சிது?"

கலியமூர்த்தி கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அஞ்சலாட்சிதான் சொன்னாள். "முறத்துல காயவச்சிருந்தேங்க."

"கொழந்த தின்னத நீ பாத்தியா?"

"பாத்தேங்க. தித்திப்பா இருக்குதுன்னு சொன்னா. நானும் நாக்குல வச்சிப் பாத்தேன். தித்திப்பாதாங்க இருந்திச்சி."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. "அது அப்படித்தாம்மா, தித்திக்கும்" என்றார். மெட்ராஸில் இதற்கு ஒரு மருந்து இருக்கிறது, தந்தி கொடுத்திருக்கிறேன் என்றார்.

மருந்து வருவதற்குள் ஐந்தாம் நாள் மத்தியானம் சின்னப்பாப்பா போய்விட்டாள். கடைசி இரண்டு நாளும் அவளுக்கு அம்மா யாரென்று தெரியவில்லை.

சின்னக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். பெண்கள் கூடப்போகிற வழக்கமில்லை. கலியமூர்த்தியும் தெய்வசிகாமணி மேஸ்திரியும் இன்னும் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள். வேலியோரம் நின்று, அவர்கள் தலை மறைகிறவரைக்கும் அஞ்சலாட்சி பார்த்தாள்.

அதற்குப் பிறகு கலியமூர்த்தி அவளோடு பேசவில்லை. கோபமாக என்று சொல்ல முடியாது. வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் கேழ்வரகுக் கூழைக் கரைத்துப் பக்கத்தில் வைப்பாள். ஈ மொய்த்தபிறகு எடுத்துக்கொண்டு போவாள். ஒரே ஒரு தடவை, அவள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து, "நீ கேட்டே, நான் கொண்ணாந்து குடுத்தேன்" என்றான். அவளுக்குச் சொன்னானா, தனக்குச் சொல்லிக்கொண்டானா என்று தெரியவில்லை. துடைப்பத்தைப் பிடித்தபடி அவள் அங்கேயே நின்றாள்.

நாலாவது வண்டியை மில்லின் வேறு ஆள் பூசி முடித்தான். அவள் கலந்து வைத்திருந்த டின் மிச்சமிருந்தது.

தில்லையம்மாள் வசந்தாவை இப்போது இங்கே விடுவதில்லை. தங்கை வீட்டில் விட்டாள். அந்தத் தங்கைக்குக் கைக்குழந்தை, வசந்தாவைக் கவனிக்க நேரமில்லை.

பங்குனியில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். கள்ளிவேலிக்கு அந்தப் பக்கம் குழந்தைகளின் சத்தம் கேட்டது. அஞ்சலாட்சி எட்டிப்பார்த்தாள். வண்டியின் நிழலில் ஏழெட்டுக் குழந்தைகள் சோறாக்கி விளையாடிக்கொண்டிருந்தன. ஓட்டுச்சில்லில் சோறு. சோறென்றால் சுரண்டிப்போட்ட பெயிண்ட் தூள். வசந்தா அதை அள்ளிப் பரிமாறிவிட்டுத் தன் விரலைச் சப்பினாள்.

வேலிக் கள்ளி கையைக் கிழித்ததுகூடத் தெரியாமல் அஞ்சலாட்சி அந்தப் பக்கம் போய் விழுந்தாள். வசந்தாவை இழுத்து, தாடையைப் பிடித்து, உதட்டை விலக்கிப் பார்த்தாள்.

ஊதாக் கோடு இருந்தது. இன்னும் மெல்லியதாக, வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு.

மீன் விற்று வந்த தில்லையம்மாளை வழியிலேயே மறித்தாள். "யக்கா, வசந்தாவத் தூக்கிக்கினு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. அவளும் தின்னிருக்கறா. எங்க வூட்டுலயே தின்னிருப்பா. ஈறுல கோடு இருக்குது."

தில்லையம்மாள் கூடையைத் தரையில் அடித்தாள். "ஏண்டி, ஒம் புள்ளையத்தான் வாரிக் குடுத்துட்டே. எம் புள்ள வாயத் தொறந்து எதுக்குடி பாக்கற? ஒங்கிட்ட நம்பித்தானடி வுட்டுட்டுப் போனேன்! பாவி, நம்பித்தானடி வுட்டேன்!"

"ஆமாங்க்கா. நாந்தான். என்ன அப்பறம் திட்டு. மொதல்ல தூக்கிக்கினு போ."

தெருவே கூடிவிட்டது. தில்லையம்மாள் அவளை அடிக்கக்கூடப் போனாள். யாரோ பிடித்துக்கொண்டார்கள். பிறகு வசந்தாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மீன் செதில் ஒட்டிய சேலையோடு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினாள்.

அஞ்சலாட்சி அன்று வீடுவீடாகப் போனாள். பெயிண்டர் வேலை செய்தவர்கள் வீடு, சுரண்டப் போனவர்கள் வீடு, வண்டிக்கடியில் விளையாடிய பிள்ளைகளின் வீடு. ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு. "எம் பொண்ணு பெயிண்ட்டு தின்னு செத்தா. நான் பாத்துக்கினே இருந்தேன், தெரியாம இருந்துட்டேன். ஒங்க புள்ளையக் கூப்புடுங்க, வாயப் பாக்கறேன்." சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி, "ஒங்கண்ணு எம் புள்ள மேல பட வேணாம்" என்றாள். சிலர் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் வெயிலில் திருப்பி நிறுத்தி, ஒவ்வொரு ஈறையும் பார்த்தாள். இன்னும் இரண்டு பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது கலியமூர்த்தி எழுந்து உட்கார்ந்திருந்தான். விஷயம் அவன் காதுக்கு வந்திருந்தது.

"ஊரு பூராவும் சொல்லிட்டு வர்றியா? நாமதான் கொன்னோம்னு?"

"ஆமா."

"ஏண்டி?"

"சொல்லலன்னா அதுங்க திங்கும்."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை ஊன்றினான். பிறகு எழுந்து, கூரையில் செருகியிருந்த மண்வெட்டியை உருவிக்கொண்டு வேலிப் பக்கம் போனான். அவள் பின்னாலேயே கூடையோடு போனாள்.

வண்டிகள் வெயிலில் புதுசாக நின்றன. தண்டவாளத்துக்கு அப்பால் தரிசில் அவன் குழி வெட்ட ஆரம்பித்தான். அவள் குவியலை ஈரத்துணியால் மூடி மூடிக் கூடையில் வாரினாள். சத்தம் கேட்டுத் தெய்வசிகாமணி மேஸ்திரி ஓடிவந்தார்.

"இன்னாடா பண்றே? அடுத்த மாசம் விழா. தொரை வந்து பாத்தா இன்னா சொல்லுவாரு? ஆபீசுல கேட்டா நான் இன்னா சொல்றது?"

"பெயிண்டரு கலியமூர்த்தி வேலைய வுட்டுட்டான்னு சொல்லு மேஸ்திரி."

மேஸ்திரி குழியை எட்டிப்பார்த்தார். குழந்தையைச் சுமந்துபோன ஐந்து பேரில் அவரும் ஒருவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எவனாவது கேட்டா நாந்தான் பொதைக்கச் சொன்னேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழி முழங்கால் ஆழம் வந்தது. இடுப்பளவு வந்தது.

"போதும்யா. இம்மாம் ஆழம் எதுக்கு?"

"பாப்பாவுக்கு இடுப்பளவுதான் தோண்டினேன்" என்றான் அவன். "இது அதவிடக் கீழ போவணும். அவ பக்கத்துக்கு வரக்கூடாது."

மார்பளவு வந்தபிறகும் அவன் நிறுத்தவில்லை. பங்குனி வெயிலில் அவன் முதுகில் வேர்வையும் மண்ணும் சேர்ந்து வழிந்தன. எத்தனையோ நாள் சாப்பிடாத உடம்பு, மண்வெட்டியை ஓங்கும்போதெல்லாம் தள்ளாடியது. அஞ்சலாட்சி கூப்பிட்டாள். அவனுக்குக் காதில் விழவில்லை. அவள் குழிக்குள் இறங்கி, அவன் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

"போதும். ஏறு."

"ஏற முடியல அஞ்சலை" என்றான். அப்படியே குழிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அவள் அவனைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தலை அவள் தோளில் விழுந்தது. இரண்டு பேரும் மண்ணுக்குள் அப்படியே இருந்தார்கள். விழுப்புரம் வண்டி ஊதிக்கொண்டு போனது. தரை அதிர்ந்து, குழியின் விளிம்பிலிருந்து மண் உதிர்ந்தது.

வெயில் சாயும் நேரத்தில் மேலே யாரோ வந்து நின்றார்கள். தில்லையம்மாள். அவள் மூச்சு வாங்கினாள்.

"பொழச்சிக்குவாளாம்டி. டாக்டரு சொல்லிட்டாரு. நம்ம சின்னப்பாப்பாவுக்குன்னு வரவழைச்ச மருந்து, நேத்துதான் வந்துதாம். அதத்தான் எம் பொண்ணுக்குப் போட்டிருக்கறாங்க." மண்ணில் மண்டி போட்டுக் கையைக் கீழே நீட்டினாள். "கையக் குடுடி. நான் சொன்னத மனசுல வச்சிக்காத. கையக் குடு."

அஞ்சலாட்சி கையைக் கொடுத்தாள். மேலே வந்து, இரண்டு பேருமாகக் கலியமூர்த்தியை இழுத்து ஏற்றினார்கள். பிறகு மூவருமே கூடை கூடையாகத் தூளைக் கொட்டி, மண்ணைத் தள்ளி மூடினார்கள். தில்லையம்மாள் மறுபடியும் சொன்னாள்: "ஒன்னாலதாண்டி எம் புள்ள பொழச்சா."

அஞ்சலாட்சி கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். அவளுடைய குழந்தைக்கு வர வேண்டிய மருந்து.

"நல்லாருக்கட்டுங்க்கா" என்றாள்.

விழா நடந்தது. தொரை வண்டிகளைப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறினார். கலியமூர்த்தியும் அஞ்சலாட்சியும் மூலக்குளத்துப் பக்கம் போய்ச் செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மாசத்துக்கு ஒரு தடவை தில்லையம்மாள் மீனோடு வருவாள். வசந்தாவும் வளர்ந்து வளர்ந்து கூடவே வருவாள். அந்த 'நல்லாருக்கட்டும்' அன்றைக்கு அஞ்சலாட்சியின் வாயிலிருந்து வந்தது. அது அவள் மனசிலிருந்து வர நாலைந்து வருஷம் ஆனது.